சங்கரம் பிள்ளை பிடித்த கொழுக்கட்டை

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அடுத்த வீட்டுக் கதவை உதைத்தேன். உதைக்காமல் என்ன செய்ய?

அந்த வீட்டுச் சங்கரம் பிள்ளைக்கு எலித் தொல்லை. பிசானச் சாகுபடிக்கு வைத்திருந்த விதைநெல்லைச் சாக்கோடு எலி கடித்துக் குதறிக்கொண்டிருந்தது. நெல்லைப் பானையில் கொட்டி மூடும், கொல்லையில் குவிந்த மட்டையை அள்ளும், பொந்தை அடையும், பொறி வையும் என்று தொண்டை வலிக்கச் சொன்னேன். கேட்டாரா? பொறியில் விழுந்ததைக் கொல்வது பாவமாம், பிள்ளையார் வாகனமாம்!

அன்று ஆற்றில் குளித்துக்கொண்டிருக்கும்போது மெல்லச் சொன்னார்.

"வேலையை முடிச்சாச்சு வே. பச்சரிசி மாவுல பாஷாணத்தைக் கலந்து கொழுக்கட்டை பிடிச்சு அடுக்களைப் பரண்ல வச்சிருக்கேன். உப்புகூடப் போடலை."

விஷம் வைத்தால் மட்டும் பிள்ளையார் கண்ணை மூடிக்கொள்வாரோ?

"வீட்டுல சொன்னீரா?"

"பொம்பளையள்ட்ட சொன்னா பயப்படுவாவ வே."

அன்று ஆடிச் செவ்வாய் — அவ்வையார் நோன்பு! ஆண்களை வெளியே விரட்டிவிட்டு, பச்சரிசி மாவில் உப்பில்லாமல் கொழுக்கட்டை அவித்துப் பெண்கள் மட்டுமே தின்கிற நோன்பு. ஆண்பிள்ளை பார்க்கவும் கூடாது, கேட்கவும் கூடாது. எங்கள் தெருவுக்கு அன்று நோன்பு பிள்ளை வீட்டில்தான். என் மனைவியும் மகளும் அங்கேதான் இருந்தார்கள்.

ஈர வேட்டியோடு ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. பின்னால் ஓடிவந்த பிள்ளை என் கையைப் பிடித்து இழுத்தார்.

"தட்டாதேயும் வே! நோன்பு குலைஞ்சிரும். தெய்வக் குத்தம்!"

"கொலைக் குத்தம் தேவலையா வே?"

உதைத்தேன்.

"எவம்லே அவன்?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

"கொழுக்கட்டையைத் தொடாதீங்க! பரண்ல இருக்கது விஷம்!"



கதவு திறந்தது. பிள்ளையின் மனைவி கோமதியம்மாள், கையில் மூடிய சட்டியோடு நின்றாள். புருஷனைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி இந்தக் கோரத்தையா சொல்லுதாவ? ஒண்ணு பூசணிக்காய் மாதிரி, ஒண்ணு கொட்டப்பாக்கு மாதிரி. ஆம்பளை பிடிச்சதுன்னு பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. யாரையும் தொடவிடலை. எதுக்குன்னு கேக்கத்தான் ஒங்களை எதிர்பாத்துக்கிட்டிருந்தேன்."

பிறகு என்னிடம், "அதுக்கு ஏன் அண்ணாச்சி கதவை உதைச்சிய? ஒரு குரல் குடுத்திருந்தாலே திறந்திருப்பனே!"

உள்ளே என் மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கிணற்றுக்கும் தொழுவத்துக்கும் எட்டத்தில் ஆழமாகக் குழி தோண்டி, சட்டியோடு புதைக்கவைத்தேன். பிள்ளை கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார்... தோல் உரியும்வரை விடவில்லை நான். மறுநாள் கோமதியம்மாளே பொறி வாங்கி வைத்தாள். எலி விழுந்தது. பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வீடு எலி இருக்கிறது; பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகவே ஐயாமார்களே, பெண்கள் நோன்பை நமக்கு மறைக்கட்டும் — நாம் விஷத்தை அவர்களுக்கு மறைக்க வேண்டாம்!