வைக்காமல் விட்ட மேட்

செக்மேட் வைக்கத் தெரிந்திருந்தும் நான் வைக்கவில்லை. எதிரே இருந்தவர் மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்துக்கொண்டே ஆட்டத்தை இழுத்தேன்.

அவர் கோலார் தங்கச் சுரங்கத்தில் பாறை துளைத்தவர். நுரையீரலில் தூசி படிந்து, கொஞ்சம் நடந்தாலே நின்றுவிடுவார். நான் பெங்களூருக்கு ரயிலில் போய்வந்து, கல்லூரியில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவன். தங்கவயலின் பாலகாட் பகுதியில் ஒரு கிளப் அறையில் மாலைகளில் செஸ் ஆடுவோம். பெரும்பாலும் அவர்தான் ஜெயிப்பார்.

"இன்னா சார், இவ்ளோ படிச்சிட்டு அண்ணங்கிட்ட தெனம் ஒத வாங்கறீங்க?" என்பார்கள் வேடிக்கை பார்ப்பவர்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அது எனக்கு உறுத்தியது.

போன மழைக்காலத்தில் ஒருநாள் அவர் கவனம் தப்பியது. அவருக்கு ராஜா மட்டும் மிஞ்சியது. எனக்கு ராஜாவும் ஒரு யானையும். யானையால் ஒரு வரிசையை அடைத்து, நம் ராஜாவை எதிரே நிறுத்தி, கட்டம் கட்டமாக ஓரத்துக்குத் தள்ள வேண்டும். ஓரத்தில் ராஜாக்கள் நேருக்கு நேர் நிற்கையில் யானை செக் கொடுத்தால் முடிந்தது. நான் ஓரம்வரை தள்ளினேன்; வேண்டுமென்றே யானையை விலக்கினேன்; நடுவுக்கு ஓடவிட்டு மறுபடி தள்ளினேன்.

எங்கள் கிளப்பில் தோல்வியை ஒப்புக்கொண்டு எழும் வழக்கம் கிடையாது. எழுந்தால், ஷிஃப்ட் முடியுமுன் சுரங்க லிஃப்டான கேஜில் ஏறி மேலே வந்தவன் என்று கேலி செய்வார்கள். ஐம்பது நகர்வுக்குள் முடியாவிட்டால் டிரா என்று யாரும் எண்ணுவதும் இல்லை. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முடிச்சிடுங்க சார். மூச்சு வாங்குது."

"இருங்கண்ணே, இன்னா அவசரம்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சற்று நேரத்தில் அவர் காய்களின் மேலேயே சாய்ந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆக்ஸிஜன் குழாயோடு வீடு திரும்பியவர் பிறகு வெளியே வரவில்லை.

ஸ்கெலட்டன் குடியிருப்பில் இருக்கும் அவர் வீட்டுக்குப் பலகையோடு போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் பலகையைத்தான் விரித்தேன். "அந்த ஆட்டத்த முடிச்சிடலாமாண்ணே?" என்றேன். அவரே காய்களை அடுக்கினார். அன்றைக்கு நின்ற இடத்திலிருந்து ஒரு காய்கூட மாறவில்லை.

அவர் ராஜா மூலைக்கு வந்தது. என் ராஜா ஒரு கட்டம் தள்ளி அதே வரிசையில். யானையை ஓரக்கோட்டுக்கு நகர்த்தினால் மேட். நான் அதை அவர் ராஜாவுக்கு மூலைவிட்டமாக அடுத்த கட்டத்தில் வைத்தேன். செக் இல்லை, நகரவும் இடமில்லை: ஸ்டேல்மேட். ஆட்டம் டிரா.

அவர் பலகையைப் பார்த்தார். பிறகு என்னை.

"இன்னா சார், அன்னிக்கி வெளையாட்டு காட்டனீங்க. இன்னிக்கி பிச்சையா?"

யானையை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். "ஒழுங்கா வையிங்க."

வைத்தேன்.

"இத்தத்தான அன்னிக்கே கேட்டேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்புறமும் போனேன். மருமகள் வாசலிலேயே நின்று, "மாமா தூங்கறாருங்க" என்றாள். உள்ளே அவர் இருமிக்கொண்டிருந்தார்.