நட்சத்திரத்தில் சொருகிய வால் இறகுகள்

ஜவ்வாது மலைக்கு நான் டீச்சராக வந்து இரண்டாவது கிறிஸ்துமஸ். எழுபதுகளின் கடைசி. கைக்குழந்தையோடு அடிவாரத்து மாதா கோயிலுக்கு இறங்க முடியாது என்று ஆனதும் எனக்கு வீம்பு வந்துவிட்டது. பூசைதான் இல்லை, விருந்தையாவது வைத்தே தீருவேன் என்றேன். "கையில காசில்ல, விருந்து ஒரு கேடா?" என்றார் என் வீட்டுக்காரர். எதையும் தொடங்கும் முன்பே அவருக்கு மூச்சு வாங்கும்.

காசில்லாமல்தான் வைத்தேன். சீரகச் சம்பாவுக்குப் பதில் சாமை. கேக்குக்குப் பதில் கேசரி. மூங்கில் சிம்பில் பழைய பரீட்சைத் தாளை ஒட்டி ஒரு நட்சத்திரம். கறிக்குச் சேவல் வீட்டிலேயே இருந்தது. ஏப்ரலில் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, பக்கத்து வீட்டுக்காரி ஒரு சேவல் குஞ்சை எங்கள் வாசலில் விட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். பிள்ளை பெற்றவளுக்குப் பரிசு என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பது? டிசம்பருக்குள் சிவப்பாக, கொழுகொழுவென்று வளர்ந்துவிட்டது.

ஒரே சேவல், இருபது பேர். தலை, கால், கழுத்து எதையும் விடாமல் போட்டு, பூசணிக்காயும் வெட்டிச் சேர்த்துக் குழம்பு கூட்டினேன். வால் இறகுகளைக்கூட எறிய மனம் வரவில்லை. பளபளவென்று கறுப்பும் பச்சையுமாக இருந்தவற்றை நட்சத்திரத்தின் ஐந்து முனையிலும் சொருகி வாசலில் தொங்கவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது.

மதியம் ஐந்தாறு வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். இலை போட்டுச் சாமைச் சோறும் வைத்தாயிற்று. கடைசியாகப் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். படியில் கால் வைத்தவள் நட்சத்திரத்தை அண்ணாந்து பார்த்து அப்படியே நின்றாள்.

"டீச்சரம்மா, சேவல் எங்க?"

நான் சிரித்துக்கொண்டே குழம்புச் சட்டியைக் காட்டினேன்.

"ஐயையோ! இன்னா வேல பண்ணிட்டீங்க! அது காளியம்மாவுக்கு நேர்ந்து வுட்டதுங்க!"

இலைக்குப் போன கைகள் எல்லாம் நின்றன.

"பிரசவத்துக்கு உங்கள டோலியில தூக்கினு எறங்குனமே, பாதி வழியில உங்களுக்கு நெனவு தப்பிப் போச்சு. தாயும் புள்ளையும் பொழச்சி வரணும்னு நாந்தான் வேண்டிக்கினேன். யாருக்கு வேண்டினமோ அவங்க வாசல்லதான வளரணும்? தை பொறந்ததும் குடுக்கலாம்னு இருந்தேன்."

நினைவு தப்பியதே எனக்குத் தெரியாது. எட்டு மாதமாக ஒருவரும் சொல்லவில்லை. பிழைத்து வந்ததற்கு வைத்திருந்த சேவலைத்தான் பூசணிக்காய் போட்டு வேகவைத்திருக்கிறேன். தூங்கும் குழந்தையைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து மாதா கோயிலில் படித்த ஞானோபதேசத்தில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

"ஒரு சேவலுக்குப் போயி..." என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"வாய மூடுங்க!"

நான் போட்ட சத்தத்தில் குழந்தை விழித்து அழுதது. அவள் ஓடிப்போய்த் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"தல இருக்குதா? சாமிக்குத் தலதான் முக்கியம். நாய்க்குப் போட்டுட்டீங்களா?"

கரண்டியை விட்டுத் துழாவினேன். பூசணி வந்தது, கால் வந்தது, மறுபடி பூசணி. அடியில் தலை கிடைத்தது. என் கஞ்சத்தனத்துக்கு அன்றைக்குப் போல என்றைக்கும் நான் நன்றி சொன்னதில்லை.

"சட்டிய எடுங்க" என்றாள். எடுத்தேன். முன்னால் குழந்தையோடு அவள், பின்னால் நான், எனக்குப் பின்னால் இலையும் சோறுமாக விருந்தாளிகள். புளியமரத்தடியில் காளியம்மா கல்லுக்கு முன் தலையை இலையில் வைத்தாள். இறகுகளையும் பிடுங்கி வந்திருந்தாள்.

"டவுனுக்காரங்க, தெரியாம பண்ணிட்டாங்க. வேக வெச்சதுன்னு கோவிச்சிக்காத தாயே. புள்ளய பாத்துக்கோ."

நானும் கும்பிட்டேன். ஒப்புக்கு இல்லை, விழுந்து கும்பிட்டேன். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டோம்.

அடுத்த மாதம் அடிவாரத்து மாதா கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபம், பொறாமை, புருஷனை ஊர் முன்னால் அதட்டியது, எல்லாம் சொன்னேன். காளியம்மாவைக் கும்பிட்டதை மட்டும் சொல்லவில்லை. அவர் திட்டுவார் என்றல்ல. அவர் அதை மன்னித்துவிட்டால், பக்கத்து வீட்டுக்காரியின் வேண்டுதல் செல்லாமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.