இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரே ஒரு வாக்கு

எந்த மசோதாவுக்கு யார் "ஆம்" சொன்னார், யார் "இல்லை" சொன்னார் என்று சட்டமன்றத்தில் ஒரு பதிவேடு உண்டு. சாலை வரி, புது நூலகம் மாதிரி யாருக்கும் வலிக்காத சங்கதி என்றால் நம்ம உறுப்பினர் பேருக்கு நேரே கம்பீரமாக ஓர் "ஆம்" இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மதுக்கடை இருக்கலாமா, காவல் நிலையத்தில் செத்தவனுக்கு விசாரணை வேண்டுமா, பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு உண்டா என்று ஊரே இரண்டுபட்டு நிற்கிற விஷயம் வந்தால் அந்தக் கட்டம் வெள்ளையாக இருக்கும். மனிதர் தண்ணீர் குடிக்கப் போயிருப்பார்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். வாக்கெடுப்புக்கு முன்னால் மணி அடிக்கும், அடித்து முடித்ததும் கதவைச் சாத்துவார்கள். மணியின் முதல் ஒலியில் எழுந்தால் கதவு சாத்துவதற்குள் தாழ்வாரத்தில் இருக்கலாம். இப்படியே இருபத்திரண்டு ஆண்டு ஓட்டியதில் சக உறுப்பினர்கள் அவருக்குத் "தண்ணி" என்று பேர் வைத்துவிட்டார்கள். கேள்விப்படும் புதியவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள். சொட்டு மது தொட்டறியாத மனிதருக்கு வந்த பேரைப் பாருங்கள்!

அரசியலுக்கு வருவதற்கு முன் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். "இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரியுதா?" என்று நாள் முழுக்க அடுத்தவரைக் கேட்டுக்கொண்டே இருக்கிற தொழில். பதில் சொல்லவேண்டியது எதிரில் உட்கார்ந்திருப்பவர் பொறுப்பு. அந்தச் சுகம் அவருக்கு ஒட்டிக்கொண்டது. தேர்தல் துண்டறிக்கையில் "யார் மனதையும் நோகடிக்காதவர்" என்று போடுவார்கள். நான்கு முறை ஜெயித்தார், ஐந்தாவது முறையும் ஜெயித்தார்.

நோகடிக்காதவரா? அவர் மகளைக் கேட்டால் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் தனக்குப் பிடித்தவனோடு வாழப் போனாள். இந்தக் கதை நடக்கிற நாட்டுச் சட்டப்படி, பிள்ளைகளுக்கு எத்தனை வயதானாலும் கல்யாணத்தைப் பதிவுசெய்யத் தகப்பன் கையெழுத்து வேண்டும். படிவத்தை அவர் மேசையில் வைத்து, "அப்பா, சரின்னா கையெழுத்துப் போடுங்க. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க" என்றாள். அவர் மனைவிக்கு இஷ்டமில்லை. தொகுதியில் பெரிய மனுஷர்கள் என்ன சொல்வார்களோ என்று வேறு பயம். "பாக்கலாம்மா" என்றார். படிவம் மேசையிலேயே கிடந்தது. இதற்குள் பேத்தி பிறந்து இரண்டு வயதும் ஆகிவிட்டது. கல்யாணம் பதிவாகாததால் அவள் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பேர் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் மகள் போன் செய்வதையே நிறுத்திவிட்டாள்.

இந்த நிலையில்தான் அந்தக் கையெழுத்தே தேவையில்லை என்று ஒரு மசோதா வந்தது. ஊர் இரண்டுபட்டது. எதிர்க்கவேண்டும் என்று அவர் கட்சி உத்தரவு போட்டது.

வாக்கெடுப்பு அன்று பார்த்து மணி பழுது. மணியை நம்பிக் கண்ணயர்ந்திருந்த நம்மவருக்கு மணி அடிக்காது என்று யாரும் சொல்லவில்லை. சபாநாயகர் வாயாலேயே அறிவித்தார், கதவைச் சாத்தினார்கள், "ஆம் என்போர் எழுந்து நிற்கவும்" என்றார். அந்தச் சலசலப்பில் கண்விழித்தவர், அடடா நேரமாகிவிட்டதே என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எண்ணுகிற ஊழியர் பென்சிலை அவர் பக்கம் நீட்டி, அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். ஆதரவு எழுபத்தொன்று, எதிர்ப்பு எழுபது. ஒரே ஒரு வாக்கில் மசோதா பிழைத்துக்கொண்டது.

பார்வையாளர் மாடத்தில் கைதட்டினார்கள். அவர் மெல்ல வெளியே நழுவினார்.

கட்சிக் கொறடா அவரைத் தாழ்வாரத்தில் மடக்கினார். "என்னய்யா பண்ணி வச்சிருக்கே?"

"தெரியாம எழுந்துட்டேன். தண்ணி குடிக்க..."

"சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பதிவேட்டுல திருத்தலாம். திருத்திட்டு வா. இல்லைன்னா அடுத்த தடவை சீட்டை மறந்துடு."

கொறடா போன கையோடு போன் அடித்தது. மகள்.

"அப்பா, டிவியில பாத்தேன். எனக்காகத்தான எழுந்து நின்னீங்க?"

அவர் வாயைத் திறந்தார். "ம்" என்று ஒன்று வந்தது. எந்தப் பக்கமும் சாயாத அதே பழைய "ம்". ஆனால் மகள் அதை ஆமென்று எடுத்துக்கொண்டு அழுதாள். "நாளைக்குப் பாப்பாவைக் கூட்டிட்டு வர்றேன்ப்பா. உங்களை மாதிரியே இருக்கா, மூக்கு உட்பட" என்றாள். பேத்தியை அவர் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. போனை வைத்த பிறகு தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்துகொண்டு அவரும் கொஞ்சம் அழுதார். பொய்யில்லை, நிஜமாகவே அழுதார். அந்த நிமிஷம் அப்படியே வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

ஆனால் சீட்டு? ஐந்து மணிக்குக் கால் மணி நேரம் இருக்கையில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. வாக்கை மாற்றிப் போடவேண்டாம். அந்த நேரத்தில் தான் சபையிலேயே இல்லை என்று ஆக்கிவிட்டால்? எழுபதுக்கு எழுபது சமமாகும். சமமானால் சபாநாயகர் வாக்குத்தான் முடிவு. பழியோ புகழோ அவர் தலையில். கட்சிக்கும் பதில் சொல்லலாம், மகளுக்கும் பதில் சொல்லலாம். இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் சும்மாவா?

பதிவேட்டு அறையில் கண்ணாடி போட்ட எழுத்தர் அம்மாள் ஒருவர் மட்டும் இருந்தார். திருத்தம் என்று நம்மவர் சொன்னதும் பேனாவை எடுத்தார்.

"எப்படித் திருத்தணும் சார்?"

"நான் இல்லைன்னு போட்டுடுங்கம்மா."

"இல்லைன்னா போடணும்?"

"ஆமாம்மா, இல்லைன்னு."

அந்த அம்மாள் "ஆம்" என்பதைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் முத்து முத்தாக "இல்லை" என்று எழுதிப் பதிவேட்டைத் திருப்பி நீட்டினார். அவர் படிக்கவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். மகளுக்கு மூன்று வருடமாகப் போடாத கையெழுத்து, ஒரு நொடிதான் பிடித்தது.

ஐந்து மணிக்கு முடிவை வாசித்தார்கள். ஆதரவு எழுபது, எதிர்ப்பு எழுபத்தொன்று. மசோதா தோற்றது. கொறடா ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். "ஆளுதான்யா நீ!"

தூக்கிவாரிப் போட, பதிவேட்டு அறைக்கு முட்டி வலியையும் மறந்து ஓடினார். அம்மாள் பூட்டிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? நான் இல்லைன்னுல்ல போடச் சொன்னேன்?"

"இல்லைன்னுதானே சார் போட்டிருக்கேன்."

"ஐயோ, நான் அங்க இல்லைன்னும்மா. வரலைன்னு."

"வரலைன்னா வரலைன்னு சொல்லணும் சார். இந்த ரூம்ல இல்லைன்னா எதிர்ப்பு. ரெண்டு தடவை கேட்டேனே." சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "ஊரே ரெண்டுபட்ட விஷயத்துல நீங்களும் ஒரு தடவை ஓட்டுப் போட்டுட்டீங்கன்னு எனக்குச் சந்தோஷமாக்கூட இருந்துச்சு."

போன் மறுபடி அடித்தது. எடுக்காமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தார். பழக்கதோஷம். ஆனால் எடுத்தார்.

மகள்தான். பின்னால் குழந்தை ஏதோ மழலை பேசியது. அவராகவே ஆரம்பித்தார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒளிவுமறைவில்லாமல் நடந்ததை நடந்தபடி சொன்னார்.

"அப்பா சொல்றதைக் கேளும்மா. நான் உனக்கு எதிரா ஓட்டுப் போடலை. சத்தியமா போடலை. அந்த நேரத்துல நான் அங்க இல்லவே இல்லைன்னு எழுதச் சொன்னேன். அவ்வளவுதான். அந்தம்மா தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க."

"இல்லவே இல்லைன்னா?"

"ஆமாம்மா."

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா" என்றாள் மகள். குரலில் கோபம்கூட இல்லை. "நாளைக்கு நாங்க வரலை."