சேற்றுக்குப் பிறகு வந்த ஆட்கள்

எர்மினியா அழவில்லை. புருஷன் போன அன்றும் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. ஊரில் அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் இதைத்தான் சொல்வார்கள்.

சிலி நாட்டின் வடக்கே, அட்டகாமா பாலைவனத்தில் இருக்கும் செம்புச் சுரங்க ஊர் அது. கூரைத் தகரத்தில் ஓட்டை விழுந்தால் யாரும் அடைக்க மாட்டார்கள். மழை பெய்தால்தானே ஒழுகும்? ஊர் நடுவே ஒரு வறண்ட ஆறு. பையன்கள் பந்து விளையாடுகிற இடம். ஒரு மார்ச் மாதம் மலையில் பெருமழை கொட்டி, விடியற்காலையில் அந்த ஆற்றில் தண்ணீருக்குப் பதிலாகச் சேறு வந்தது.

சத்தம் கேட்டு அவள் புருஷன் அபெலினோ சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அவன் சுரங்கத்தில் வண்டி ஓட்டுகிறவன்.

"எங்க போற?"

"ஆத்தோரம் வண்டி நிக்குது. மேட்டுல ஏத்திட்டு வந்துடறேன். நீ டீ போடு."

அவள் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். அது கொதித்தது. அணைத்தாள். அப்புறம் கதவிடுக்கு வழியாகச் சேறு உள்ளே வந்தது. ஜன்னல் விளிம்பு வரை ஏறி நின்றது. பக்கத்து வீட்டு ஒட்டிலியா அவளைக் கூரைமேல் இழுத்துப் போட்டதால் பிழைத்தாள். வண்டியை இரண்டு நாள் கழித்துக் கீழ்த் தெருவில் கவிழ்ந்த நிலையில் கண்டெடுத்தார்கள். அபெலினோ கிடைக்கவே இல்லை.

ஊருக்கு வெளியே வெட்டவெளியில் அப்போது சூரியமின் நிலையம் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். சாலையைச் சேறு அடித்துக்கொண்டு போனதில் அங்கே வேலை நின்றுபோக, ஆட்கள் மண்வெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். எர்மினியா வீட்டுக்கு வந்த கூட்டத்துக்குத் தலைவர் நொல்பெர்த்தோ. தெற்கே சில்லான் பக்கத்து ஆள். ஐம்பதைத் தாண்டியவர், மனைவி இல்லாதவர். எல்லாரும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஒரு வாரம் அவர்கள் சேற்றை வாரிக் கொட்டினார்கள். தப்பித்த பெரிய பானையில் அவள் மொச்சையும் நூடுல்ஸும் போட்டு வேகவைத்துக் கொடுத்தாள். அவர்கள் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வீடு காலியானதும் மேஸ்திரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"எங்க கூடாரமெல்லாம் போயிடுச்சும்மா. இங்கயே தங்கிக்கலாமா? ஒரு அறையில நாலு பேர் படுத்துக்குவோம். சாப்பாட்டுக்கும் சேத்துக் குடுத்துடறோம்."

"படுத்துக்குங்க," என்றாள்.

அவள் விடுதிக்காரி ஆனது இப்படித்தான்.

முதல் நிலையம் முடியுமுன்பே இரண்டாவதுக்குக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அப்புறம் மூன்றாவது. உலகத்தில் இதைப்போல வெயில் வேறெங்கும் கிடையாது என்று பேசிக்கொண்டார்கள். வெட்டவெளி முழுக்க இரும்புக் கால்கள் முளைத்தன, அவற்றின்மேல் கறுநீலப் பலகைகள் ஏறின. காலி அறை வைத்திருந்தவர்கள் எல்லாரும் விடுதி நடத்தினார்கள். ரொட்டி சுட்டு விற்கும் ஒட்டிலியா தன் வீட்டில் இரண்டாவது அடுப்புக் கட்டினாள்.

"பூமிக்குள்ள இருந்த செம்பத் தோண்டித் தின்னாச்சு. இப்பத் தலைக்கு மேல இருக்கறதையும் விட்டு வைக்கல," என்று சிரிப்பாள்.

எர்மினியா சிரிக்க மாட்டாள், முகத்தையும் சுளிக்க மாட்டாள். இருட்டோடு எழுந்து மாவு பிசைவாள். மதியத்துக்கு டப்பாக்களை நிரப்புவாள். சாயங்காலம் ஆட்கள் புழுதியோடு திரும்பும்போது மேஜையில் சூடாகக் குழம்பு இருக்கும்.

"சித்தி, இன்னைக்கு உப்பு தூக்கல்," என்பான் ஒருத்தன்.

"தண்ணி குடி."

"சித்திக்குக் கோவமே வராதா?"

"சாப்பிட்டுட்டுத் தட்டக் கழுவி வை."

உண்மையில் அவளுக்கு உப்பு தெரியவில்லை. அபெலினோ போனதிலிருந்து எதைத் தின்றாலும் வாயில் ஒன்றுபோலத்தான் இருந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆற்றோரம் அவன் நினைவாக ஊர்க்காரர்கள் வீடுபோலச் சின்ன மாடம் ஒன்று கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் அவள் போனதே இல்லை.

மூன்றாவது நிலையத்தின் திறப்பு விழாவுக்கு ஊரையே பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மேட்டில் ஏறி நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பலகைகள்.

"கடல் மாதிரி இல்ல?" என்றாள் ஒட்டிலியா.

எர்மினியா பார்த்தாள். கடல் மாதிரியும் இல்லை, வேறு எது மாதிரியும் இல்லை. பலகைகள் இருந்தன. அவ்வளவுதான்.

கட்டி முடித்துவிட்டால் சூரியமின் நிலையத்துக்கு ஆள் அதிகம் வேண்டாம். ஒவ்வொரு கூட்டமாக வடக்கே வேறு இடத்துக்குக் கிளம்பியது. கட்டில்கள் காலியாயின. மேஸ்திரி கடைசி ஆளாகத் தங்கி, ஒரு மதியம் சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்காமல் இருந்தார்.

"எர்மினியாம்மா, நான் ஊருக்கே திரும்பிப் போறேன். இனிமே இந்த அலைச்சல் வேணாம்னு தோணுது."

"நல்லது மேஸ்திரி."

"நீங்களும் வந்தீங்கன்னா... பெரிய வீடு. பழமரமெல்லாம் இருக்கு. எல்லாம் பச்சையா இருக்கும். நல்லா மழை பேஞ்சு..."

அங்கேயே நின்றுவிட்டது பேச்சு.

"தப்பா எடுத்துக்காதீங்க. வாய் தவறி வந்துடுச்சு."

"பரவால்ல," என்றாள் அவள். எழுந்து அவருக்கு வழிச் சாப்பாடு கட்டினாள். பேருந்து கிளம்பும்போது கையசைத்தாள். வீட்டுக்கு வந்து அவர் படுத்திருந்த விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டாள்.

வெறும் வீட்டில் அவளை உட்கார விடாமல் ஒட்டிலியாதான் வேலைக்கு இழுத்துப் போனாள். பலகைகளில் புழுதி படிந்தால் மின்சாரம் குறையும், துடைக்க உள்ளூர்ப் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். நீளக் கம்பில் தூரிகை, பின்னால் தண்ணீர் வண்டி. ஒரு வரிசை முடிந்தால் அடுத்த வரிசை. கடைசி வரிசையை எட்டுவதற்குள் முதல் வரிசை மறுபடி பழுப்பாகிவிடும். எர்மினியாவுக்கு அது ஒத்துவந்தது.

குளிர்காலத்தில் ஒரு நாள் காலை, மேகம் தாழ்ந்து வந்து தூறல் போட்டது. ஊசி முனை அளவுத் துளிகள். பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டு முகத்தை மேலே தூக்கி நின்றார்கள்.

"இன்னைக்கு நமக்கு லீவு! வானமே கழுவுதுடி!" என்று ஒருத்தி ஆடினாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எர்மினியாவைக் காணோம் என்று ஒட்டிலியா கவனித்தாள். தேடிப் போனபோது அவள் ஒரு பலகைக்கு அடியில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூரிகை தூரத்தில் கிடந்தது. மேற்பார்வைக்காரன் வந்து கூப்பிட்டும் அசையவில்லை.

"நீ போப்பா, நான் பாத்துக்கறேன்," என்று அவனை அனுப்பிவிட்டு, ஒட்டிலியா தன் கனத்த உடம்பைக் குனிந்து நுழைத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலைக்கு மேல் துளிகள் பட் பட்டென்று விழுந்துகொண்டிருந்தன.

"அது எங்க வண்டி இல்ல, ஒட்டிலியா."

"எது?"

"அவன் எடுக்கப் போனது. சுரங்கத்து வண்டி. எவனோ ஒருத்தனோட வண்டிக்காகப் போனான். மடையன்."

அபெலினோவின் பேரை அவளிடம் சொல்லவே இத்தனை நாளாக ஊர் பயந்தது. இப்போது அவள் திட்டிக்கொண்டிருந்தாள். மடையன், முட்டாள், கழுதை. குரல் உயரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டே திட்டினாள்.

"அழுதுடேன்டி," என்றாள் ஒட்டிலியா.

"வரல. வந்தா அழமாட்டேனா?"

தூறல் மதியத்துக்குள் நின்றது. இருவரும் வெளியே வந்தார்கள். பலகை முழுக்க அழுக்குப் புள்ளிகள். அத்தனை வரிசையையும் மறுபடி முதலிலிருந்து துடைக்க வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளே ஒட்டிலியாவைக் கூப்பிட்டுக்கொண்டு ஆற்றோர மாடத்துக்குப் போனாள். யாரோ வைத்த காகிதப் பூக்கள் வெயிலில் நிறமிழந்து கிடந்தன. அவற்றை எடுத்துப் போட்டுவிட்டு, உள்ளே கையால் துடைத்தாள். கொஞ்சம் நின்றாள். திரும்பி வந்து இருவரும் சாப்பிட்டார்கள்.

மேஸ்திரி மாதம் ஒருமுறை போன் செய்வார். அடுத்த முறை பேசும்போது அவளாகவே சொன்னாள்.

"நான் வரல மேஸ்திரி. இங்க வேலையிருக்கு."

"சரிம்மா. கேட்டது தப்பில்லையே?"

"தப்பில்ல. நாலாவதும் கட்டப்போறாங்களாம். ஆளுங்க வந்தா அறை வேணும்னு கேப்பாங்க. நீங்க வந்தாலும் உங்களுக்கு ஒரு கட்டில் இருக்கும்."