தாய் கேட்கிறாள்

என்னிடம் ஒரு படை இருந்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே இருந்தது. கைபேசியில் தொடர்கதை படிக்கிற செயலி ஒன்றில் மூன்று வருடம் எழுதினேன். கொற்றவைக்கு உயிரை நேர்ந்துகொண்ட வீரர்களின் கதை. ராஜாக்களோடு அவர்கள் அழியவில்லை. இன்றைக்கும் செங்கல்பட்டைச் சுற்றி யாருக்கும் தெரியாமல் இருக்கிறார்கள். ஒருவன் பஸ் ஓட்டுகிறான், ஒருத்தி மருந்துக்கடையில் நிற்கிறாள். தாய், அதாவது கொற்றவை, கேட்டால் போதும், வேலையைப் போட்டுவிட்டு வந்து கையைக் கீறி ரத்தம் கொடுப்பார்கள். அந்த ரத்தம் பட்ட இடத்தில் மந்திரம் வேலை செய்யும். மறைமலைநகரில் ஒரு கம்பெனியின் ஸ்டோர் ரூமில் எனக்கு வேலை. போகும்போதும் வரும்போதும் எலக்ட்ரிக் ட்ரெயினில் உட்கார்ந்து, கட்டைவிரலாலேயே அவ்வளவையும் எழுதினேன்.

இந்தப் பைத்தியம் பிடித்தது மாமல்லபுரத்தில். அக்காவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். ஐந்து ரதங்களில் முதல் ரதத்துக்குள் கொற்றவை நிற்கிறாள். காலடியில் ஒருவன் மண்டியிட்டு, ஒரு கையால் தன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அக்கா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இவன், வூட்ல எதுனா சண்டையா?" என்றாள். வெளியே நின்ற கூட்டமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

அக்கா என் கதையை ஒரு வாரம்கூட விடாமல் படிப்பாள், படித்துவிட்டுக் கிண்டலும் அடிப்பாள். "உன் சாமி எப்பப் பாரு ரத்தமே கேட்டுகினு கீதே, ஒரு டம்ளர் காபி குடுத்துப் பாரேன்" என்பாள். ஆனால் ஒரு விஷயத்தில் அவளுக்குப் பெருமை. அவள் ரத்தம் ஓ நெகட்டிவ். அதை அப்படியே கதையில் வைத்தேன்: ஓ நெகட்டிவ்காரர்கள்தான் தாயின் செல்லப்பிள்ளைகள், படையின் முதல் வரிசை. கருங்குழியில் அவள் தெருவில் பாதிப்பேருக்கு இது தெரியும். அவளே சொல்லிவைத்திருந்தாள்.

வாசகர்களுக்காக வாட்ஸாப்பில் ஒரு குழு இருந்தது. அங்கே நான் தளபதி. மாதத்துக்கு ஒருமுறை அறிவிப்பு போடுவேன்: "தாய் கேட்கிறாள். செங்கல்பட்டில் இருவர் தேவை." உடனே எல்லோரும் "என் குருதி உனக்கே" என்று பதில் போடுவார்கள். முதலில் போட்ட இருவரின் பெயர் அடுத்த பாகத்தில் வரும். ரத்தம் கொடுத்து வீரமரணம் அடைவார்கள். செத்துப்போவதற்கு அவ்வளவு போட்டி. எனக்கும் அதில் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அக்கா குளியலறையில் மயங்கி விழுந்தாள். கர்ப்பப்பையில் கட்டி. மாதக்கணக்கில் ரத்தம் போய்க்கொண்டிருந்ததை யாரிடமும் சொல்லாமல் துணி மாற்றி மாற்றிச் சமாளித்திருக்கிறாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உடனே ஆபரேஷன் செய்யவேண்டும், அதற்கு முன் ரத்தம் ஏற்றவேண்டும் என்றார்கள். ஓ நெகட்டிவ் அரிது. இருந்த ஒரு பாட்டிலை ஏற்றிவிட்டார்கள். இன்னும் இரண்டு வேண்டும், நாங்களும் தேடுகிறோம், நீங்களும் ஆள் பாருங்கள் என்றார்கள். எனக்கு பி பாசிட்டிவ். அவளுக்கு ஆகாது.

மாமா, அதாவது அக்கா புருஷன், போனை எடுத்தார். "அச்சரப்பாக்கம் சர்ச்சு பசங்க கைல ரத்தம் குடுக்கறவங்க லிஸ்ட் ஒண்ணு கீது. கேக்கட்டா?"

"வேணா மாமா. எங்கிட்டயே ஆளு கீது. நான் பாத்துக்கறேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அகம்பாவம்தான், வேறென்ன. என் கதையை ஒருநாளும் மதிக்காத மனுஷன், இன்றைக்காவது பார்க்கட்டும் என்று நினைத்தேன். குழுவில் எழுதினேன். கை பழக்கத்தில், "தாய் கேட்கிறாள்" என்றே ஆரம்பித்தேன். செங்கல்பட்டில் இருவர் தேவை, ஓ நெகட்டிவ், ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறேன், உடனே வாருங்கள். பத்து நிமிஷத்தில் நாற்பத்தோரு பேர் "என் குருதி உனக்கே" என்று போட்டார்கள். மாமாவிடம் காட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தலையில் கை வைத்தார்.

ஒன்பது மணியிலிருந்து வாசலில் நின்றேன். பஸ் ஒவ்வொன்றாக வந்தது. இறங்கிய ஒவ்வொரு இளவட்டத்தின் முகத்தையும் பார்த்தேன். யாரும் என்னைத் தேடவில்லை. பன்னிரண்டு மணிக்கு, முதலில் பதில் போட்டவனுக்கு போன் செய்தேன். கொளத்தூரோ பெரம்பூரோ, சென்னைப் பையன்.

"எங்க வந்துகினு கீறீங்க?" என்றேன்.

"எங்கயா? தளபதி, என் பேரு வருதா இந்த வாட்டி?"

"ரத்தம் குடுக்க வரலியா?"

"ஐயையோ, நெஜமாவா? நான் கதைன்னு நெனச்சேன். எனக்கு ஏ பாசிட்டிவ்."

வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். குழுவில் மறுபடி எழுதினேன்: "இது விளையாட்டு இல்லை. என் அக்கா சாகக் கிடக்கிறாள்." யாரோ ஒருவர் உடனே பதில் போட்டார்: "செம டயலாக் தளபதி." கீழே பன்னிரண்டு வாள் படம்.

மாமாவிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் உடனே அச்சரப்பாக்கத்துக்கு போன் செய்தார். ஒன்றரை மணிக்கு வெல்டிங் பட்டறை ஆள் ஒருவர் பைக்கில் வந்தார். சட்டையில் தீப்பொறி பட்ட ஓட்டைகள். என் கதையில் ஒரு வரிகூடப் படித்திராதவர். ரத்தம் கொடுத்தார், கொடுத்த பிஸ்கட்டைத் தின்றார், "எதுனா வேணும்னா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இனி தாமதிக்க முடியாது என்று அதை வைத்தே ஆபரேஷனைத் தொடங்கினார்கள். இரண்டாவது ஆள் கிளம்பி வந்துகொண்டிருந்தபோதே, சாயங்காலம் நாலரைக்கு, ஆபரேஷன் மேஜையிலேயே அக்கா போய்விட்டாள்.

காலையிலேயே ரத்தம் கிடைத்திருந்தாலும் உறுதியாகச் சொல்லமுடியாது என்றார் டாக்டர். மாமாவும் அதையே வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்த மூன்று மணி நேரம் என்னுடையது. அதை நான் யாருக்கும் பங்கு கொடுக்கமாட்டேன்.

பால் ஊற்றிய அன்று மத்தியானம் குழுவைத் திறந்து, எந்த அலங்காரமும் இல்லாமல் எழுதினேன்: "என் அக்கா இறந்துவிட்டாள். இனிமேல் கதை வராது." சிலர் புரிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். சிலர் அழுகிற முகம் போட்டார்கள். பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண் மட்டும் தனியாக எனக்கு எழுதியிருந்தாள்.

"அக்காவ சாவடிச்சிட்டீங்களே தளபதி. எனக்கு அழுகையா வருது. உங்க கததானே, நீங்க நெனச்சா முடியும். அடுத்த பாகத்துல ரத்தம் குடுத்து எழுப்பிடுங்க, ப்ளீஸ்."

கன்னாபின்னாவென்று கோபம் வந்தது. வாய்க்கு வந்ததை எல்லாம் தட்டி, பிறகு அழித்தேன். அவள் எழுதியதை மறுபடி படித்தேன். மூன்று நாளாக நான் யாரிடமாவது கேட்டுவிடத் துடித்துக்கொண்டிருந்ததைத்தான் அந்தப் பெண் என்னிடம் கேட்டிருந்தாள்.

அவளுக்கு மட்டும் பதில் போட்டேன். "என்னால் முடியாதும்மா."