பன்னீர்செல்வமும் மாத்திரை தின்ற முயலும்

பன்னீர்செல்வம் நெய்வேலி சுரங்கத்தில் பக்கெட் வீல் ஆபரேட்டர். நாலு மாடி உயர மெஷினில் உட்கார்ந்து மண்ணை வாரிக் கொட்டும் மனிதருக்கு, வீட்டில் ஒரு போண்டாவை எடுத்து வாயில் போட அதிகாரம் இல்லை. சர்க்கரை வந்து சில வருஷமாகிறது. பக்கத்து குவார்ட்டர்ஸ் என்பதால் அவர் விடுகிற பெருமூச்சு எனக்கே கேட்கும்.

ஒருநாள் பேப்பரில் ஒரு செய்தி படித்தார். கொழுப்புத் தீனி போட்டு வளர்த்த முயல்களில் பாதிக்கு, சர்க்கரை நோய்க்கான மாத்திரையும் கொடுத்தார்களாம். மாத்திரை தின்ற முயல்களுக்கு ரத்தக்குழாய் அடைப்பு குறைவாம். மனிதர் துள்ளிவிட்டார். மழைக்காலத்தில் கன்வேயர் பெல்ட்டில் களிமண் அப்பிக்கொண்டால் ஸ்கிரேப்பர் வைத்து வழிப்பார்கள். மாத்திரையும் அதே வேலையைத்தான் செய்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். பெல்ட்டில் மண்ணே விழாவிட்டால் ஸ்கிரேப்பருக்கு என்ன வேலை?

அன்றிலிருந்து ஷிப்ட் கேன்டீனில் முதலில் போண்டா, பின்னாலேயே டாக்டர் தந்த மாத்திரை. ஆராய்ச்சி என்றால் மாத்திரை தின்னாத முயலும் வேண்டுமே. அதற்குக் கூட்டாளி கண்ணையனைப் பிடித்தார். கண்ணையனுக்குச் சர்க்கரையும் இல்லை, வெட்கமும் இல்லை. ஓசி போண்டா என்றதும் முயலாகச் சம்மதித்துவிட்டார்.

வருஷாந்திர மெடிக்கல் வந்தது. கண்ணையன் ஃபிட். பன்னீர்செல்வத்துக்குச் சர்க்கரை எகிறிக் கிடந்தது. அடுத்த மாதத்துக்குள் குறையாவிட்டால் மெஷினை விட்டு இறக்கி ஆபீஸில் உட்கார வைத்துவிடுவோம் என்றார் டாக்டர். அந்த மெஷின்தான் அவருக்கு உயிர். பாவம், முகம் செத்துப்போய் வீடு திரும்பினார்.

மனைவி பட்டம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அப்போதும் விடவில்லை. முயலுக்குப் பலித்தது தனக்கு மட்டும் ஏன் பலிக்கவில்லை என்று நியாயம் கேட்டார். பட்டம்மாள் கீரை அரிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்த மொயலுக்கு ரத்தக்கொழா சுத்தமா இருக்குதுன்னு எப்பிடிங்க கண்டுபுடிச்சாங்க?”

“அறுத்துத்தான் பாத்திருப்...” என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“சொல்லுங்க, கேட்டுகினுதான் இருக்கேன்” என்றார் பட்டம்மாள், கத்தியைக் கீழே வைக்காமல்.

அன்று முதல் பன்னீர்செல்வம் பட்டம்மாள் போட்டதைச் சாப்பிட்டார். கண்ணையன் மட்டும் ஆராய்ச்சியைப் பாதியில் விடக்கூடாது என்று கேன்டீனில் வாதாடிப் பார்த்தார், பலிக்கவில்லை.

மறுமாதம் சர்க்கரை இறங்கியது. பன்னீர்செல்வம் இறங்கவில்லை, மெஷின் மேலேயேதான் இருக்கிறார்.