பேருக்கு மூன்று ஏக்கர்

எங்கள் அப்பா கணக்கில் புலி. ஐந்து ஏக்கருக்குள் நிலம் இருந்தால்தான் சொட்டுநீர்க் குழாய் போட முழு மானியம் என்று புதுச்சத்திரத்துக் குழாய்க் கடைக்காரர் சொன்னார். வண்டி வீடு வந்து சேர்வதற்குள் அப்பா முடிவெடுத்துவிட்டார். எங்களுக்கு இருந்தது ஏழு ஏக்கர். அதில் மூன்றை அம்மா பெயருக்கு மாற்றிவிட்டால் இரண்டு பேருமே சிறு விவசாயிகள்தான்.

“சும்மா பேருக்குத்தான் புள்ள. ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வந்துரலாம்” என்றார் அம்மாவிடம்.

அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பத்திர ஆபீசுக்குக் கிளம்பினாள். பேருக்குப் போடுகிற கையெழுத்துக்குப் பட்டு ஒரு கேடா என்று அப்பா வாசலில் நின்று முனகினார்.

சிறு விவசாயி என்ற சான்றிதழ் வந்ததும் அம்மா அதை இரண்டு முறை வாசித்துவிட்டு பீரோவில் வைத்துப் பூட்டினாள். விடிந்தால் களைக்கொத்தும் கையுமாகத் திரிகிற ஒருத்தி விவசாயிதான் என்று கண்டுபிடிக்க அரசாங்கத்துக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அவள் வீட்டில் என்ன செய்கிறாள் என்று பள்ளிக்கூட ஃபாரத்தில் கேட்டபோதெல்லாம் நானே ‘சும்மா இருக்கிறார்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிறகு தோட்டத்தைப் பார்வையிட ஓர் இளம் அதிகாரி வந்தார். நிலத்துக்காரரை நிலத்தில் நிறுத்திப் படம் பிடிக்க வேண்டுமாம். அப்பா சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

“நீங்க இல்லீங்க. கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க, நெழலு உழுகுது” என்றார் அதிகாரி.

அம்மா நின்றாள். படம் எடுத்து முடித்ததும், என்ன பயிர் என்று அவர் கேட்டார். அதற்குத் தகுந்த மாதிரிதான் குழாய்க்கு இடைவெளி விட வேண்டுமாம். எத்தனையோ வருஷமாக நாங்கள் போடுவது மரவள்ளிதான். “குச்சிக்கெழங்குங்க” என்றார் அப்பா. அதிகாரி ஃபாரத்திலிருந்த பெயரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

“சின்ன வெங்காயமுங்க” என்றாள் அம்மா.

அவர் அதையே பதிந்துகொண்டு போய்விட்டார். அப்பா முகத்தில் ஈயாடவில்லை.

“என்ன புள்ள, என்னயக் கேக்காம?”

“அவரு கேட்டாருங்க. நாஞ் சொன்னனுங்க.”

“வெங்காயம் மட்டும் அழுகிப் போச்சுன்னா, பத்திரத்தத் திருப்பி எம் பேருக்கே எழுதிரோணும்.”

“ஆகட்டுங்க” என்று அம்மா சோறு போட்டாள்.

குழாய் போட்டு வெங்காயம் நட்டபின், மழையில் அது அழுகிவிடுமோ என்று, வானம் கறுத்தாலே வாசலுக்கு ஓடிப்போய் அண்ணாந்து பார்ப்பேன். மூன்று ஏக்கரும் கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று மழையைத் திட்டாத நாளில்லை. மழை வேண்டாம் என்று சாமி கும்பிட்ட விவசாயக் குடும்பத்துப் பெண் இந்தச் சீமையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்பாவோ காலையில் எழுந்ததும் வெங்காயத்துக்குள் இறங்கிவிடுவார். எங்கேயாவது அழுகல் கிடைக்காதா என்று தாளைத் தாளைத் தூக்கிப் பார்ப்பார். கிடைத்ததெல்லாம் குழாயில் அடைத்துக்கொண்ட துளைகள்தான். அவற்றை ஊசியால் குத்திவிட்டு, யாரையோ திட்டிக்கொண்டே வீடு திரும்புவார்.

வெங்காயம் அழுகவில்லை. திரண்டு, நல்ல நிறத்தோடு வந்தது. பிடுங்கிக் குவித்த அன்று எருமப்பட்டிப் பக்கமிருந்து ஒரு வியாபாரி வந்தார். குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாள் அறுத்துக்கொண்டிருந்த அம்மாவைத் தாண்டி நேராக அப்பாவிடம் போனார்.

“வெல என்னங்க சொல்றீங்க?”

அப்பா குவியலைப் பார்த்தார். ஒரு விலையைச் சொல்லியிருந்தால் போதும், பத்திரம் எழுதாமலே மூன்று ஏக்கரும் அவரிடம் திரும்பியிருக்கும்.

“என்னயக் கேக்காதீங்க. தோட்டம் அவங்களுதுங்க. அவங்களக் கேளுங்க.”

எனக்கு நினைவு தெரிந்து அம்மாவைப் பற்றி அப்பா வாயில் வந்ததெல்லாம் ‘அவ’தான். அம்மா அரிவாளைக் கீழே வைத்தாள். சட்டென்று திரும்பி, தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள்.